வாஷர் ஓட்டு

எங்க சங்கத்துக்குப் பெயர்ப்பலகையில இருக்கிற பேரு தொழில் மரபுப் பாதுகாப்புச் சங்கம். தெருவுல இருக்கிற பேரு நட்டு கழண்ட கூட்டம். ரெண்டும் சரிதான், அதுக்காக நான் யார்கூடவும் சண்டைக்குப் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை அதுவுமா, உச்சி வெயில்ல, ஓடாத இஞ்சினைப் பார்க்க இருபத்தஞ்சு பேரு பஸ் பிடிச்சுப் போறோம்னா பார்க்கிறவங்க வேற என்னதான் சொல்வாங்க?

சங்கத் தலைவர் பல் டாக்டர். அவரோட கிளினிக் மாடியிலதான் கூட்டம் நடக்கும். கீழே யாருக்காவது பல்லைக் குடைஞ்சா மேலே எங்க நாற்காலி நடுங்கும். மத்தவங்க எல்லாம் ரிட்டயர் ஆன பிட்டர், டர்னர், எலெக்ட்ரீஷியன். அதுல ரெண்டு பேரைச் சொல்லணும். ஒருத்தர் நாப்பது வருஷம் பாய்லருக்குக் கரி தள்ளினவர், அவரை பாய்லர்னே கூப்பிடுவோம். இன்னொருத்தர் வரைபடம் போடுற வேலையில இருந்தவர். இடுப்புல டேப் இல்லாம வெளியே வரமாட்டார், கல்யாண வீட்டுக்குப் போனாலும் மண்டபத்தோட தூணை அளந்துட்டுத்தான் சாப்பாட்டுக்கு உட்காருவார். அவருக்குப் பேரு அளவுகோல்.

நான் கோடைப் பயண அமைப்பாளர். கோடையில மூணு பயணம், மூணுக்கும் இடம் பிடிக்கிறது, பஸ் பேசுறது, முன்னாடியே போய் நிழல் எங்க, தண்ணி எங்க, கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கான்னு பார்க்கிறது எல்லாம் என் பொறுப்பு. எட்டு வருஷமா நான்தான். எனக்கு அது உயிர். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான். நான் பஸ் டிப்போவுல நேரக் காப்பாளரா இருந்தவ. முப்பது வருஷம் விசில் ஊதி ஊதி பஸ்ஸை அனுப்பி வச்சேன். மலைக்குப் போற பஸ், கடலுக்குப் போற பஸ், ஒண்ணு விடாம அனுப்பினேன். ஒண்ணுலயும் நான் ஏறினதில்லை. ரிட்டயர் ஆன மறுவாரம் சங்கத்துல சேர்ந்தேன், மறுவருஷம் இந்தப் பொறுப்பைப் பிடுங்கிட்டேன். பிடுங்கினேன்னுதான் சொல்லணும், ஏன்னு இப்போ சொல்றேன்.

எங்க சங்கத்துல கை தூக்குற பழக்கம் கிடையாது. எல்லாரும் போர்மேன் முன்னாடி கைகட்டி நின்னு பழகினவங்க, மூஞ்சிக்கு நேரா நல்லா இல்லைன்னு சொல்ல வராது. அதனால பயணம் முடிஞ்சு திரும்புறப்போ பஸ்லயே ஓட்டு. ஆளுக்கு ஒரு காகித உறை, உள்ள ஒரு நட்டு, ஒரு வாஷர். பயணம் நல்லா இருந்துச்சுன்னா நட்டு, இல்லைன்னா வாஷர். மூடியில பெரிய துளை போட்ட தகர டப்பா ஒண்ணு கைக்குக் கை போகும். டப்பாவுக்குள்ள பழைய துண்டு விரிச்சிருக்கும். இல்லாட்டி விழுற சத்தத்தை வச்சே யார் என்ன போட்டாங்கன்னு பாய்லர் சொல்லிடுவார், அவருக்கு அப்படி ஒரு காது. கையில மிஞ்சினது அவங்கவங்களுக்குச் சொந்தம். எல்லார் வீட்டுலயும் ஒரு ஜாடி நிறைய இந்த மிச்சம் இருக்கு. நட்டு, வாஷர் வாங்கி உறையில போட்டு வைக்கிறதும் அமைப்பாளர் வேலைதான்.

மூணு பயணம் தொடர்ந்து வாஷர் ஜெயிச்சா அமைப்பாளர் பொறுப்பை விட்டுடணும். இது விதி. எனக்கு முன்னாடி இருந்தவரைக் கிளப்புறதுக்காக நானே எழுதிக் கொண்டுவந்த விதி. அப்போ எல்லாரும் எவ்வளவு நியாயமா யோசிக்கிறாங்க பாருன்னு என்னைப் பாராட்டினாங்க.

இந்த வருஷம் அந்த விதி என் பக்கம் திரும்புச்சு.

முதல் பயணம் செங்கல் சூளை. அங்க ஒரு உசரமான புகைபோக்கி இருக்கு. நான் முன்னாடி போய்ப் பார்த்தது காலையில ஏழு மணிக்கு, ஜில்லுன்னு இருந்துச்சு, நல்ல இடம்னு எழுதிட்டு வந்துட்டேன். சங்கம் போய்ச் சேர்ந்தது பதினொண்ணரை மணிக்கு. சுத்துவட்டாரத்துல ஒரு மரம் கிடையாது. இருந்த ஒரே நிழல் புகைபோக்கியோட நிழல்தான். இருபத்தஞ்சு பேரும் அதுல வரிசையா ஒருத்தர் பின்னால ஒருத்தர் நின்னாங்க. நிழல் நகர நகர வரிசையும் நகர்ந்துச்சு. உச்சி நேரத்துல நிழலே காணாமப் போச்சு. வாஷர் ஜெயிச்சுது.

வெயில்ல வாடினவங்களைக் குளிர வைப்போம்னு ரெண்டாவது பயணத்துக்கு ஐஸ் பேக்டரி பிடிச்சேன். கெட்டிக்காரத்தனமா ஒரு வேலை செஞ்சோம்னு இருந்தேன். போனா கம்ப்ரெஸர் பழுதாகி ரெண்டு நாளாச்சாம், உள்ளே வெளியைவிட வேக்காடு. அங்க இருந்த வாட்ச்மேன் அதைக்கூடப் பார்க்க விடமாட்டேன்னு கதவுல சாய்ஞ்சு நின்னான். அவன்கூட அரைமணி நேரம் தொண்டைத்தண்ணி வத்தக் கத்தினேன். வாஷர் பதினேழு.

இதுக்கெல்லாம் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் எங்க செயலாளர். வேற யாருமில்லை, என் வீட்டுக்காரரோட அக்கா, எனக்கு அண்ணி. துணி ஆலையில தர மேற்பார்வை பார்த்தவங்க. ஒரு மீட்டர் துணியில ஒம்பது குறை கண்டுபிடிப்பாங்க, மனுஷங்க கிட்ட அதைவிடக் கொஞ்சம் கூட. அண்ணியோட திட்டம் என்னன்னா, நான் விலகினதும் கோடைப் பயணமே வேண்டாம். வெயில்ல எதுக்கு அலையணும், என் வீட்டு ஹால்ல திரை கட்டி படம் காட்டுறேன்னாங்க. என்ன படம்னு நினைக்கிறீங்க? பாலத்துல, தொட்டியில, கப்பல்ல இரும்புத் தகட்டைச் சேர்த்து அறையிற ரிவிட்டை எல்லாம் பக்கத்துல போய் எடுத்த படம். நானூறு இருக்கு. ரெண்டாவது பயணம் முடிஞ்ச மறுநாளே திரைக்குத் துணி வாங்கித் தைக்கக் கொடுத்துட்டாங்க. யார் கிட்ட கொடுத்தாங்க? என் வீட்டுக்காரர் கிட்ட.

என் வீட்டுக்காரர் தையல்காரர். வீட்டு முன்னறைதான் கடை. மெஷின்னா அவருக்குக் காலால மிதிக்கிற ஒண்ணுதான் தெரியும், மத்த எதுலயும் ஆர்வம் கிடையாது. ஆனா எட்டு வருஷமா ஒரு பயணம் விடாம வருவார். குடையைப் பிடிச்சுகிட்டு ஓரமா நிப்பார், யாராவது சட்டை தொளதொளன்னு போட்டிருந்தா கண்ணாலயே பிடிச்சுத் தைப்பார். அவர் திரைக்கு ஓரம் அடிச்சுகிட்டு இருந்ததைப் பார்த்ததும் மெஷின் முன்னாடி போய் நின்னேன்.

"உங்க அக்கா என் கழுத்தை அறுக்கிறாங்க, நீங்க அதுக்கு ஓரம் அடிக்கிறீங்களா?"

"துணி கொடுத்தாங்க, தைக்கிறேன்" அப்படின்னார். ஊசியில இருந்து கண்ணை எடுக்கல. "நேர்ல போய்க் கேளு, சண்டை போடு. துணி என்ன பண்ணுச்சு?"

இந்த மனுஷன் கிட்ட இது ஒரு தொல்லை. கேட்டதுக்குப் பதில் சொல்வார், வேண்டியதைச் சொல்லமாட்டார்.

மூணாவது பயணத்துக்கு நான் பழைய நீரேற்று நிலையத்தைப் பிடிச்சேன். ஊருக்கே தண்ணி ஏத்தின நீராவி இஞ்சின் உள்ள இருக்கு, அதோட சக்கரம் ரெண்டு ஆள் உசரம். இந்தத் தடவை மூணு தரம் முன்னாடி போய்ப் பார்த்தேன். காலையில ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். நிழல் எந்த நேரத்துல எந்தச் செவத்துல விழுதுன்னு படம் போட்டேன். பெஞ்சை எண்ணினேன். தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தேன். அங்க காவல் இருக்கிறவர் வாங்க வாங்கன்னு சொன்னார், இஞ்சின் அறையைத் திறந்து வச்சுத் துடைச்சுக் காட்டுறேன்னார். நான் வாசல்ல நின்னு அளவு குறிக்கிறதுலயே இருந்தேன், உள்ள போய்ப் பார்க்க நேரமில்லை. அன்னைக்கு எல்லாரோடவும் சேர்ந்து பார்த்துக்கலாம்னு வந்துட்டேன்.

பயணத்தன்னைக்கு பஸ் நேரத்துக்கு வந்துச்சு, நேரத்துக்குக் கிளம்புச்சு. அத்தோட என் நல்ல காலம் முடிஞ்சுது.

இஞ்சின் அறைக் கதவு மேல குளவி கூடு கட்டியிருந்துச்சு. நேத்துதான் கவனிச்சாராம் காவல்காரர். நம்ம தலை அளவுக்கு ஒரு கூடு. கதவைத் தொட்டா மொத்தக் குளவியும் வெளியே வரும், நான் திறக்கமாட்டேன்னுட்டார். எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். சரி, ஆறுதலுக்கு வரலாறு சொல்றேன்னு ஒரு காகிதத்தை எடுத்து வாசிக்க ஆரம்பிச்சார். ஒண்ணேகால் மணி நேரம். நடுவுல எந்த வரியில இருந்தோம்னு மறந்துட்டு ஒரு பக்கத்தை ரெண்டு தரம் வாசிச்சார். பாய்லர் நின்னுகிட்டே தூங்கினார். அண்ணி மட்டும் கண்ணைச் சிமிட்டாம கேட்டாங்க, ஆளுங்க கொட்டாவி விடுறதை ஒண்ணொண்ணா எண்ணுற மாதிரி இருந்துச்சு.

பக்கவாட்டுச் சுவர்ல உசரத்துல ஒரு ஜன்னல். ஒரு ஸ்டூல் இருந்தா அது மேல ஏறி இஞ்சினைப் பார்க்கலாம். ஸ்டூல் எங்கன்னு கேட்டா பின்னாடி சாமான் அறையில இருக்குன்னார் காவல்காரர். நானே போய் எடுத்துட்டு வந்தேன். ஆளுக்கு நாப்பது செகண்ட். அதுக்கு மேல விட்டா எல்லாருக்கும் முறை வராது. கையில கடிகாரம், வாயில விசில். ஏறு, பாரு, விசில், இறங்கு. அடுத்தவர் ஏறு. அளவுகோல் ஜன்னல் கம்பி வழியா டேப்பை நீட்டிச் சக்கரத்தை அளக்கப் பார்த்தார், டேப்பு உள்ள விழுந்துடுச்சு. இருபது வருஷமா இடுப்புல இருந்த டேப்பு. பாவம், மனுஷன் முகத்தைப் பார்க்க முடியல. பல் டாக்டர் நாப்பது செகண்ட் போதலைன்னு மொணமொணத்தார். "என் முறையை எடுத்துக்கோங்க டாக்டர்"னு என் வீட்டுக்காரர் ஒதுங்கிட்டார்.

எல்லாரும் பார்த்து முடிச்சதும் அண்ணி என் பக்கத்துல வந்து நின்னாங்க. "மனசைத் தேத்திக்கோம்மா" அப்படின்னாங்க, ரொம்பப் பரிவா. "வர்ற மாசம் முதல் படத்துக்கு நீதான் விளக்கு அணைக்கணும். அதுக்கும் ஒரு ஆள் வேணும் பாரு."

விளக்கு அணைக்கிற வேலை. எனக்கு உள்ளங்கால்ல இருந்து உச்சந்தலை வரைக்கும் பத்திகிட்டு வந்துச்சு. ஸ்டூலைத் தூக்கிட்டு சாமான் அறைக்கு நடந்தேன். உள்ள போய் அதை வைக்கிறப்போதான் அலமாரியில ஒரு டின் கண்ணுல பட்டுச்சு.

உள்ள பூரா வாஷர். இரும்பு இல்லை, செப்பு. உள்ளங்கையில பாதிக்கு இருந்துச்சு, கனமா, ஓரமெல்லாம் தேய்ஞ்சு வழவழன்னு. ஒவ்வொண்ணுலயும் கையால குத்தின ஒரு எண். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நாப்பது வரைக்கும். காவல்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். பழைய பம்போட மூடிக்குப் போட்டதாம், எந்த வாஷர் எந்த போல்ட்டுக்குன்னு மாறக்கூடாதுன்னு எண் குத்தி வச்சாங்களாம். மூடியையே மாத்திட்டாங்க, இது பழைய சாமான்காரனுக்குப் போகுதுன்னார். இருபத்துநாலு கொடுங்கன்னேன். எடுத்துக்கோம்மா, தொலையட்டும்னார். விருப்பப்பட்டுக் கொடுத்தேன்னு ஒரு காகிதத்துல கையெழுத்தும் வாங்கிகிட்டேன். நாளைக்கு எவனும் என்னைத் திருடின்னு சொல்லக்கூடாது பாருங்க.

அப்புறம் அந்தச் சாமான் அறையிலயே தரையில சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். பையில இருந்த இருபத்துநாலு உறையையும் எடுத்துப் பிரிச்சேன். நட்டை விட்டுட்டேன். இரும்பு வாஷரை எடுத்துட்டுச் செப்பு வாஷரைப் போட்டேன். எங்க ஆளுங்களை எனக்குத் தெரியும். துருப்பிடிச்ச ஆணியைப் பார்த்தாலே குனிஞ்சு எடுத்துப் பையில போடுற கூட்டம். இதைக் கையில வாங்கினவன் டப்பாவுல போடுவானா? செத்தாலும் போடமாட்டான். அப்போ டப்பாவுக்கு என்ன போகும்? நட்டுதான். ஒண்ணாம் நம்பரை எடுத்துத் தனியா வச்சேன், அண்ணிக்கு.

தலையைத் தூக்கினா வாசல்ல என் வீட்டுக்காரர் குடையோட நிக்கிறார்.

"என்ன பண்ற?"

"உறை சரி பண்றேன்."

அவர் தரையில கிடந்த இரும்பு வாஷர் குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சீக்கிரம் வா, பஸ்காரர் ஹாரன் அடிக்கிறார்"னு சொல்லிட்டுப் போயிட்டார்.

பஸ் நகர ஆரம்பிச்சதும் உறையைக் கொடுத்தேன். வழக்கமா உறை பிரிக்கிற நேரத்துல ஒரே சளசளன்னு பேச்சா இருக்கும். அன்னைக்கு முன் சீட்டுல இருந்து ஒவ்வொரு சீட்டா அமைதியாயிட்டே வந்துச்சு. பல் டாக்டர் சட்டைப் பையில இருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். பாய்லர் வாஷரைப் பல்லால கடிச்சுப் பார்த்தார், அப்புறம் விரல் நுனியில தொங்கவிட்டுச் சுண்டிக் காதுகிட்ட வச்சார்.

"செப்பு" அப்படின்னார். குரல் ஒரு மாதிரி கம்மிப்போயிடுச்சு. "இந்தச் சத்தம் கேட்டு எத்தனை வருஷமாச்சு."

டேப்பு போன துக்கத்துல இருந்த அளவுகோல்கூட நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கத்து சீட்டுக்காரர் கிட்ட ஸ்கேல் இருக்கான்னு கேட்டார்.

அண்ணி எழுந்தாங்க. "இது என்ன புதுப் பழக்கம்? ஓட்டுக்கு இரும்பு வாஷர்தானே கொடுக்கணும்?"

"விதியில வாஷர்னுதான் அண்ணி இருக்கு. இரும்புன்னு எழுதல. எழுதினவ நான், எனக்குத் தெரியாதா?"

"இடத்துல இருந்து எதையும் எடுத்துட்டு வரக்கூடாதுன்னு இருக்கே?"

காகிதத்தை எடுத்துக் காட்டினேன். கையெழுத்து, தேதி, எல்லாம் இருந்துச்சு. அண்ணி அதை ரெண்டு தரம் வாசிச்சாங்க. ஒரு குறையும் கிடைக்கல. அடுத்து என்ன சொல்லலாம்னு யோசிச்சுகிட்டே கையில இருந்த வாஷரைத் திருப்பினாங்க, அதுல ஒண்ணுன்னு இருந்துச்சு. பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "அடடா, உங்களுக்கு முதல் நம்பரா"ன்னார். அண்ணி அப்படியே உட்கார்ந்துட்டாங்க. புடவைத் தலைப்பால அந்த வாஷரைத் துடைக்கிறதை நான் பார்த்தேன்.

டப்பா சுத்தி வந்துச்சு. அமைப்பாளருக்கு ஓட்டு கிடையாது, அதனால இருபத்துநாலு பேர். பல் டாக்டர் மூடியைத் திறந்து மடியில கொட்டினார். நட்டு, நட்டு, நட்டு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல, ஜன்னல் பக்கம் திரும்பிகிட்டேன். இருபத்துமூணு நட்டு. கடைசியா துண்டை உதறினதும் அதுல சிக்கியிருந்தது கீழே விழுந்துச்சு.

ஒரு செப்பு வாஷர்.

"பத்தொம்போது" அப்படின்னு அதுல இருந்த எண்ணை வாசிச்சார் டாக்டர்.

பயணத்தைப் பத்தி யாருக்கும் கவலை இல்லை. இப்படி ஒரு பொருளைத் தூக்கிப் போட்டது யாருங்கிறதுதான் கவலை. பாய்லர் எழுந்து நின்னு, "எவன்யா இது, கொஞ்சமாவது மனசாட்சி இருக்கா"ன்னு கேட்டார். நான் இல்லைன்னு ஒருத்தர் கையை விரிச்சுக் காட்டினார், உள்ளங்கையில நாலு. நானும் இல்லைன்னு அடுத்தவர் விரிச்சார், பன்னெண்டு. வரிசையா ஒவ்வொருத்தரும் கையை நீட்டினாங்க, ஏழு, இருபத்தொண்ணு, மூணு. அண்ணிகூட வேகத்துல கையை நீட்டிட்டாங்க. எல்லார் கையிலயும் செப்பு மின்னுது. கையை விரிச்சதுலயே யார் யார் நட்டு போட்டாங்கன்னு வெளியே வந்துடுச்சு, யாரும் அதை இன்னும் யோசிக்கல.

கடைசி சீட்டுல என் வீட்டுக்காரர். அவர் கையில ஒரு இரும்பு நட்டு.

"நான்தான் போட்டேன்" அப்படின்னார். எல்லாரும் திரும்பிப் பார்க்கவும் கொஞ்சம் கூச்சப்பட்டார். "நல்லா இல்லைன்னா வாஷர்தானே போடணும்? விதியை மாத்திட்டீங்களா?"

நீட்டின கையெல்லாம் மெதுவா மடங்கிப் பைக்குள்ள போச்சு. டாக்டருக்கு இருமல் வந்துச்சு. ரொம்ப நேரம் இருமிட்டு, "எண் இருக்கிறதால ரகசிய ஓட்டுன்னு சொல்ல முடியாது. யாராவது மறு ஓட்டு கேட்டா வைக்கலாம்"னு பொதுவா சொன்னார். கேட்டா எல்லாரும் உறையைச் செப்பு வாஷரோட திருப்பித் தரணும். பஸ்ல அத்தனை பேரும் ஜன்னல் வழியா வெளியே பார்த்தாங்க. முதல்ல திரும்பினது அண்ணி. வெளியே ஒரு நீளமான மதில் சுவரைத் தவிர ஒண்ணும் இல்லை. அதை அவங்க ஊர் வர்ற வரைக்கும் பார்த்தாங்க.

நான் ஜெயிச்சுட்டேன்.

ஆனா வீட்டுக்குள்ள காலை வைக்கிறவரைதான் வாயை மூடிகிட்டு இருந்தேன். கதவைச் சாத்தினதும் ஆரம்பிச்சேன்.

"கட்டின புருஷன் நீங்க. ஊரே நட்டு போடுது, உங்க ஒருத்தருக்குப் போட முடியலையா? என் மானத்தை வாங்கவே கடைசி சீட்டுல உட்கார்ந்தீங்களா? உங்க அக்கா நாளைக்கு நாலு பேர் கிட்ட சொல்லமாட்டாங்களா, சொந்தப் புருஷனுக்கே இவ பயணம் பிடிக்கலைன்னு?"

அவர் சட்டையைக் கழட்டி ஹேங்கர்ல மாட்டினார். தோள்பட்டைத் தையலை இழுத்து நேராக்கினார். அவசரமே கிடையாது இந்த மனுஷனுக்கு.

"நல்லா இல்லை, போட்டேன்" அப்படின்னார்.

"இத்தனை வருஷத்துல எத்தனை தடவை வாஷர் போட்டிருக்கீங்க? உண்மையைச் சொல்லுங்க."

"இன்னைக்குத்தான் முதல் தடவை."

"செங்கல் சூளைக்கு?"

"நட்டு."

"ஐஸ் பேக்டரிக்குமா?"

"நட்டுதான். அந்த வாட்ச்மேனை நீ வாங்கின வாங்கு இருக்கே. அவன் கதவுல அப்படியே ஒட்டிகிட்டான். எனக்கு இன்னைக்கு நினைச்சாலும் சிரிப்பு வருது. நீயும் பஸ்ல ஏறினதும் சிரிச்சே. நல்ல பயணம் அது."

"அப்போ நீங்க மெஷினைப் பார்த்து ஓட்டு போடுறதில்லையா?"

"மெஷினைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? நான் உன்னைத்தான் பார்ப்பேன்." இதை அவர் ஏதோ துணிக்கு அளவு சொல்ற மாதிரிதான் சொன்னார். "இன்னைக்குக் காலையில பஸ் ஏறினப்போ உன் தோள் ரெண்டும் காதுகிட்ட இருந்துச்சு. இறங்கவே இல்லை. இப்பவும் அங்கதான் இருக்கு, பாரு. அத்தனை பேரை அந்த ஸ்டூல் மேல ஏத்தி இறக்கினியே, நீ ஏறினியா?"

ஏறல. எனக்கு அது அந்த நிமிஷம் வரைக்கும் தோணவே இல்லை. இருபத்துமூணு பேருக்கு விசில் ஊதினேன், ஸ்டூலைத் தூக்கிட்டுப் போனேன், வாஷர் மாத்தினேன், திரும்பி வந்துட்டேன்.

"அந்தச் சக்கரம் என்ன கலருன்னு சொல்லு பார்ப்போம்" அப்படின்னார்.

வாயைத் திறந்தேன். கறுப்புன்னு சொல்ல வந்து, நிச்சயமா தெரியாம மூடிட்டேன். கண்ணுல தண்ணி வந்துச்சு. கோபத்துல அழுறது எனக்குப் பழக்கம்தான், இது கோபம் இல்லை.

"நீங்க சொல்லுங்க, என்ன கலர்?"

"எனக்கு எப்படித் தெரியும்? என் முறையைத்தான் டாக்டர் கிட்ட கொடுத்துட்டேனே."

அவர் கைலியை மாத்திகிட்டு மெஷின் முன்னாடி போய் உட்கார்ந்துட்டார். அக்காவோட திரைக்கு இனி வேலை இல்லை, அதைப் பிரிச்சுத் தலையணை உறை தைக்கலாமான்னு யோசிச்சுகிட்டு இருந்தார். நான் சமையலறைக்குப் போய் ரொம்ப நேரம் பாத்திரத்தை உருட்டிகிட்டு நின்னேன்.

மறு ஞாயிறு காலையில காவல்காரருக்குப் போன் பண்ணினேன். குளவியை இன்னும் கலைக்கல, ஜன்னல் வழியா வேணும்னா பார்த்துக்கோன்னார். சங்கத்துல யார் கிட்டயும் சொல்லல. டிப்போவுக்குப் போய், சாதாரண பஸ்ல, ரெண்டு பேரும் ஏறினோம். ஸ்டூலை அவர் தூக்கிட்டு வந்து போட்டார், நான் ஏறினேன். அவர் கீழே ஸ்டூல் காலைப் பிடிச்சுகிட்டு நின்னார். நாப்பது செகண்ட் ஆச்சு, நாலு நிமிஷம் ஆச்சு, அதுக்கப்புறம் எவ்வளவு ஆச்சுன்னு எனக்குத் தெரியல. வெளிச்சம் எங்கிருந்தோ வந்து அந்தச் சக்கரத்து மேல விழுந்துச்சு, அவ்வளவு பெரிய சாமானை அவ்வளவு கிட்டத்துல நான் பார்த்ததே இல்லை.

"என்ன கலர்?"னு கீழே இருந்து கேட்டார்.

"பச்சை" அப்படின்னேன். "நீங்க ஏறிப் பாருங்க."

"வேண்டாம்" அப்படின்னார். "நீ பாரு."